பின்சீற்றில் ஒரு பெட்டி

என் கணவர் நகுலேஸ்வரன் வேலையிலிருந்து நின்ற வருடம் எனக்கொரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். கரும்பச்சை நிறம். ஜப்பான்காரி. யாரிடமோ ஏற்கெனவே வாழ்ந்துவிட்டு வந்த பழைய மோட்டார் சைக்கிள். கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மழைத்துணியைப் போர்த்துக்கொண்டு நின்றாள். காலையில் எழும்பியதும் இவர் தேத்தண்ணீர் குடிக்க முன்னம் ஜன்னலால் அவளைத்தான் எட்டிப் பார்ப்பார்.

மோட்டார் சைக்கிளோடு ஒரு மனுசிக்கு என்ன பொறாமை என்று கேட்கிறவர்கள், அறுபத்தைந்து வயது மனிதர் ஒருவர் தன் பழைய சாரத்தைக் கிழித்து, முழங்காலில் இருந்து, அதன் சில்லைத் துடைக்கிற வடிவைப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருடத்தில் என் அடுப்பை ஒருநாள் துடைத்திருப்பாரா? எனக்குக் காய்ச்சல் வந்தால் வாசலில் நின்றபடி "பனடோல் போட்டனீரோ" என்று கேட்பார். அதன் எஞ்சினுக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்ப்பார்.

ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் இவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பரிசோதகர். சங்கக் கடைக்காரர்கள் இவருடைய ஹொண்டாவின் சத்தம் கேட்டதும் சீனி மூட்டையை ஒழுங்குபடுத்துவார்களாம். அந்த ஹொண்டாவில்தான் கல்யாணமான புதிதில் என்னை ஏற்றிக்கொண்டு திரிந்தார். நான் ஒருபக்கமாகக் கால் போட்டு, சேலைத் தலைப்பைச் சொருகி, அவருடைய இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருப்பேன். சந்திக்குச் சந்தி ஹோர்ண் அடித்துக்கொண்டு, நிற்காமல், ராசா மாதிரிப் போவார்.

எண்பத்தாறில் மொன்றியலுக்கு வந்தோம். அதோடு ஹொண்டாவும் போயிற்று, பரிசோதகரும் போனார். முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு லாசாலில் பிளாஸ்டிக் பை செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. நான் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் பகலில் நிலம் துடைத்தேன். அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் போவார். மகள் சிவாஜினியை அப்படித்தான் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தோம். அவளும் கல்யாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள்.

அந்தக் காலமெல்லாம் இவர் எனக்கு ஒரு கதை சொல்லி வைத்திருந்தார். "நான் வேலையாலை நிண்ட உடனை ஒரு மோட்டச்சைக்கிள் வாங்குறன் மலர். நீர் பின்னாலை இரும். காஸ்பே எண்டு ஓர் இடம் இருக்காம், ஆறு கடலாகிற பக்கம். ரெண்டு பேருமாப் போவம்." கூட வேலை செய்த ஒருவர் படம் காட்டியிருக்கிறார். படத்தை நான் காணவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பின்சீற்றில்தான் நான் இருந்தேன். எனக்கு முழங்கால் நோவு வந்து வேலையை விட்டபோதுகூட, சரி, இன்னும் கொஞ்சக் காலம்தானே என்றுதான் நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் இவர் வேலையிலிருந்து நின்றார். மோட்டார் சைக்கிளும் வந்தது. ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது என்று திரும்பவும் டெஸ்டுக்குப் போனார். திரும்பி வந்தவரிடம், "டெஸ்ட் என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு வருசம் ஓடின எனக்கு உதென்ன பெரிய டெஸ்ட்" என்றார்.

நான் பாயாசம் வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் இரண்டு கோப்பை குடித்தார். களைப்பு என்று நினைத்தேன்.

மே மாதத்தில் முருகன் கோயிலில் வாகனப் பூசை. நான் கூறைச் சேலைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். ஐயர் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, சந்தனம் பூசி, தீபம் காட்டினார். இவர் ஏறித் தேசிக்காயை நசித்தார். பூசை முடிந்த வாகனத்தில் முதலில் பின்னால் ஏறுவது வீட்டுக்காரிதான், அது எங்கள் வழக்கம். அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"இண்டைக்கு வேண்டாம் மலர். சேலையோடை ஏறேலாது. இஞ்சை ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருக்கவேணும், அதுதான் சட்டம்" என்றார்.

அப்போதுதான் கோயில் வாசலுக்கு வெளியே இன்னொரு மோட்டார் சைக்கிளைக் கண்டேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண். கறுப்புத் தோல் கோட், கட்டை மயிர், கழுத்தில் சிலுவை. எங்கள் ஆள்தான். "வணக்கம் அக்கா, நான் றோஸ்மேரி. ஊர் குருநகர்" என்றாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நிமிர்ந்த முதுகு. முழங்கால் நோவு இல்லாத கால்கள். அவள் முன்னால் போக இவர் பின்னால் போனார். நான் அயல்வீட்டு ஆனந்தராசாவின் காரில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நசிந்த தேசிக்காயின் மணம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சேலைதானே குறை? பார்ப்போம் என்று கடைக்குப் போய் ஒரு நீலக் காற்சட்டை வாங்கினேன். அறுபது வயதில் நான் போட்ட முதலாவது காற்சட்டை. கதவைப் பூட்டிப் போட்டுப் பார்த்தேன். கால்கள் இரண்டும் தனித்தனியாகப் போகிற மாதிரி ஒரு கூச்சம். அதோடு குசினிக்கும் ஹோலுக்கும் நடந்து பழகினேன். ஒரு வெள்ளிக்கிழமை இவர் முன்னால் போய் நின்றேன். சிரிப்பார், அல்லது பேசுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என் காலைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

அடுத்த கிழமை பின்சீற்றின்மேல் ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டார். கறுப்புப் பெட்டி, பூட்டும் திறப்பும் உண்டு. மழைக்கோட்டும் திருத்து வேலைச் சாமான்களும் வைக்கவாம். நான் இருபது வருடம் காத்திருந்த இடத்தில் அது ஒரு பொழுதில் ஏறிக் குந்திக்கொண்டது. சோறு வடிக்கும்போது ஜன்னலால் அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு. எனக்கு என்ன ஓய்வு? சோற்றுப் பானைக்குப் பென்ஷன் உண்டா?

சனியும் ஞாயிறும் போவார். ஒவ்வொரு முறையும் கூடவே றோஸ்மேரி. அவள் வராத நாளில் இவரும் போகமாட்டார். வெயில் எறித்தாலும் வீட்டில் இருந்து நகத்தைக் கடிப்பார். அவளுடைய டெலிபோன் வந்தால் போதும், கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சப்பாத்தைத் தேடுவார். இதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

ஓகஸ்ட் மாதம் ஒருநாள் கோயிலிலிருந்து வரும்போது ஆனந்தராசா, "அக்கா, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் நல்ல சோளம் விக்கினம், ஒருக்காப் போட்டுப் போவம்" என்றார். ஏரிக்கரை வீதியால் போனோம். கொஞ்சத் தூரத்தில் முன்னால் இவர், இவருக்கு முன்னால் றோஸ்மேரி. எதிரே ஒரு மோட்டார் சைக்கிளில் மஞ்சள் மயிர்க்காரி ஒருத்தி வந்தாள். இடக்கையைத் தாழ்த்தி, இரண்டு விரலை நீட்டி இவருக்குக் காட்டினாள். இவரும் காட்டினார். கொஞ்சம் போக இன்னொருத்தி, நரைத்தவள். அவளும் காட்டினாள், இவரும் காட்டினார்.

"அண்ணைக்குக் கனபேரைத் தெரியும் போல" என்றார் ஆனந்தராசா. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே மறித்தேன். "ஆரவள் அந்த மஞ்சள் தலைமயிர்க்காரி?"

"எந்த மஞ்சள் தலை?"

"இடக்கையாலை சைகை காட்டினவள். நீங்களும் காட்டினனீங்கள். கண்ணாலை கண்டனான்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விசர் மனுசி, றோட்டிலை மோட்டச்சைக்கிள்காரர் ஆரைக் கண்டாலும் அப்பிடித்தான் காட்டுவினம். தெரிஞ்ச ஆள் தெரியாத ஆள் இல்லை. வலக்கையிலை பெற்றோல் முறுக்குற பிடி, அதை விடேலாது. அதாலைதான் இடக்கை."

நம்பவில்லை. மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் வேண்டுமென்றே இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். தாடி வைத்த மலை மாதிரி ஒருவன் போனான், எதிரே வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். இருவரும் கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டு போனார்கள். இவர் சொன்னது உண்மைதான். ஆனால் எரிச்சல் குறையவில்லை, கூடியது. வழியில் போகிற வருகிற எல்லாரும் இவருக்குச் சொந்தக்காரர். பொங்கிப் போடுகிற நான் மட்டும் அந்தச் சொந்தத்தில் சேர்த்தியில்லை.

செப்டெம்பரில் குண்டைப் போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மீன் முள்ளை எடுத்தபடியே சொன்னார். "வாற கிழமை காஸ்பே பக்கம் போறம். றோஸ்மேரிக்கு ஒரு கிழமை லீவு கிடைச்சிருக்கு."

"ஆர் போறம்?"

"நானும் அவவும்."

என் காஸ்பே. நான் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக் கட்டி அனுப்பிய காஸ்பே. "நானும் வாறன். பெட்டியைக் கழட்டுங்கோ" என்றேன்.

"ஏலாது மலர்."

"ஏன் ஏலாது?"

"ஏலாது எண்டால் ஏலாது." எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். மீன் பாதி கிடந்தது. அவர் மீனை மிச்சம் விட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த நாள் காலை இவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து, ஆனந்தராசாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். பஸ், பிறகு மெற்றோ, பிறகும் பஸ். றோஸ்மேரியின் அடுக்குமாடி கோட்-டெ-நெய்ஜில், நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தான். சண்டை பிடிக்கப் போனாலும் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. நான் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஒரு போத்தலைக் கொண்டுபோனேன். வழி முழுக்க என்ன என்ன கேட்பது என்று பாடமாக்கினேன்.

கதவைத் திறந்தவள் ஆஸ்பத்திரி உடுப்போடு நின்றாள். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை அவளுக்கு. இரவு வேலை முடித்து வந்து இன்னும் படுக்கவில்லை. போத்தலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நான் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோய் ஒரே கேள்விதான் வாயில் வந்தது. "என்ரை மனுசனை ஏன் பிள்ளை கூட்டிக்கொண்டு திரியிறீர்?"

றோஸ்மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கதிரையைக் காட்டினாள்.

"நான் கூட்டிக்கொண்டு திரியேல்லை அக்கா. மேய்ச்சுக்கொண்டு திரியிறன். அண்ணை உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"அவருக்கு இன்னும் பழகிற லைசென்ஸ்தான். டெஸ்டிலை ரெண்டு தரம் பெயில். பழகிற ஆள் தனிய ஓடேலாது, லைசென்ஸ் உள்ள ஒராள் இன்னொரு மோட்டச்சைக்கிளிலை கூடப் போகவேணும். பின்னாலை ஆளும் ஏத்தேலாது. எங்கடை ஆக்களிலை கனகாலமா லைசென்ஸ் வைச்சிருக்கிறது நான் ஒருத்திதான். ஆனந்தராசாவிட்டை நம்பர் வாங்கி, கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்குக் கிடைக்கிற லீவு நாளை உங்கடை மனுசன்தான் தின்னுறார்."

நான் கதிரையில் இருந்தேன். "ஏன் பெயில்?"

"முதல் தரம் ஸ்டொப் எண்டு எழுதின போட்டிலை நிக்காமல், ஹோர்ண் அடிச்சுப்போட்டு நேரை போயிட்டார். கேட்டதுக்கு, நான் பரிசோதகராப் பன்னிரண்டு வருசம் இப்பிடித்தான் ஓடினனான் எண்டு அவங்களோடை வாதாடியிருக்கிறார். ரெண்டாந்தரம் பயத்திலை பச்சை லைட் விழுந்த பிறகும் நிண்டிட்டாராம்."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சந்திக்குச் சந்தி ஹோர்ண் அடித்த ராசா. என் பாயாசத்தைக் குனிந்த தலையோடு குடித்த ராசா. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆனால் என் சிரிப்பு நடுவழியில் நின்றுவிட்டது.

ஏனென்றால் அப்போதுதான் எனக்கு உண்மையான பொறாமை வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒரு பொறாமையா? இவர் தோற்றது இவளுக்குத் தெரியும். இவர் பயந்ததும், வெட்கப்பட்டதும், கெஞ்சியதும் இவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நல்லதை ஊராருக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை, கெட்டதைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் வீட்டுக்காரியல்லவா? அந்த இடத்தில் இவள் இருந்திருக்கிறாள்.

சுவரில் ஒரு படம். மோட்டார் சைக்கிளில் ஒரு மீசைக்காரர், பின்னால் மெலிந்த றோஸ்மேரி. "என்ரை அவர். ஹென்றி" என்றாள். "உதிலை நான் பின்னாலை இருந்து போனவள்தான். அவர் போனாப் பிறகுதான் முன்னுக்கு வந்தனான். காஸ்பேக்கு ரெண்டு பேரும் ரெண்டு தரம் போனம். தனியப் போக மனமில்லை, அதாலைதான் அண்ணை கேட்டவுடனை ஓம் எண்டனான்."

நான் படத்தைப் பார்த்தேன், பிறகு அவளைப் பார்த்தேன். "உம்மடை மோட்டச்சைக்கிளிலை இப்ப பின்சீற் இருக்கோ?"

"இருக்கு."

"பெட்டி?"

"இல்லை அக்கா. சும்மாதான் கிடக்கு."

புறப்படுகிற நாள் காலையில் இவர் முன்னமே கீழே இறங்கிவிட்டார். றோஸ்மேரி வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் நீலக் காற்சட்டையோடு, மேலே இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, படியால் இறங்கிப் போனேன். றோஸ்மேரி ஒரு சிவப்பு ஹெல்மெட்டை நீட்டினாள். அவள் பின்னால் இருந்த காலத்து ஹெல்மெட். அவளுடைய தோளைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன். முழங்கால் உயிர் போகிற மாதிரி நொந்தது. முகத்தில் காட்டவில்லை.

இவர் வாயைத் திறந்தபடி நின்றார். "மலர், என்ன உது?"

"பழகிற லைசென்ஸ்காரர் ஆளை ஏத்தேலாதாம். அதுதான் லைசென்ஸ் உள்ள ஆளோடை போறன்."

அவருடைய முகம் சிவந்து, பிறகு கறுத்தது. ஹெல்மெட்டைப் போட்டு அதற்குள் ஒளிந்துகொண்டார்.

பெருவீதிக்கு ஏறியதும் காற்று நெஞ்சில் அடித்தது. பயத்தில் றோஸ்மேரியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். பக்கக் கண்ணாடியில் இவர் தெரிந்தார். கிட்ட வருவார், கையை நீட்டி எதையோ காட்டுவார், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் இடக்கையைத் தாழ்த்தினார். றோஸ்மேரி காட்டமுன்னம் நான் காட்டினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தும் காட்டினேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியும், அது வேறு கதை.

கியூபெக் நகரம் தாண்டி ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். றோஸ்மேரி கோப்பி வாங்க உள்ளே போனாள். இவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவவின்ரை இடுப்பை உப்பிடிக் கட்டிப் பிடிக்கவேணுமோ?" என்றார். குரலில் எரிச்சல் நன்றாகவே கேட்டது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

"விழுந்தால் ஆர் பாக்கிறது?"

"அதோடை வழியிலை போறவன் வாறவனுக்கெல்லாம் கை காட்டுறீர்."

"தெரிஞ்ச ஆள் தெரியாத ஆள் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கையுறையைக் கழற்றினார், போட்டார். நான் சும்மா விடவில்லை. "எனக்குச் சொல்லாததை ஊராள் ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறியள். பெயில் எண்டு என்னட்டைச் சொன்னால் நான் என்ன, அடிக்கப்போறனோ? நாலு மாதமா நான் எரிஞ்ச எரிவு உங்களுக்குத் தெரியுமோ?"

இவர் என் காற்சட்டையைப் பார்த்தார், அன்றைக்குப் போலவே பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"அவவுக்கு முன்னாலை தோக்க எனக்கு வெக்கமில்லை மலர்" என்றார். "உமக்கு முன்னாலைதான் வெக்கம். நீர் என்னை ஹொண்டாவிலை கண்ட ஆள்."

இந்த மனிதர் என்னிடம் சொன்ன காதல் வசனம் என்று கணக்கெடுத்தால் இது ஒன்றுதான் தேறும். அதையும் பெற்றோல் மணத்துக்குள், மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னார்.

"பெட்டியைக் கழட்டுறன். றோஸ்மேரி கட்டிக்கொண்டு வரட்டும்" என்றார் மெதுவாக. "என்ரை பின்னாலை ஏறும். ஒரு நாலு கட்டை தூரம். ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

என் கால் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம். திரும்ப டெஸ்டுக்குப் போங்கோ. ஸ்டொப் போட்டிலை நில்லுங்கோ, பச்சை விழுந்தால் எடுங்கோ. பேந்து ஏறுறன்."

"நிப்பன்" என்றார், வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

றோஸ்மேரி கோப்பியோடு வந்தாள். குடித்துவிட்டு நான் அவளுக்குப் பின்னால் ஏறினேன். இந்த முறை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பயம் போய்விட்டது, ஆனாலும் பிடித்தேன். கண்ணாடியில் இவருடைய முகம் தெரியவில்லை, ஹெல்மெட் மட்டும்தான். ஆனால் விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தார். வேறு எவருக்கும் கை காட்டவில்லை. பாவமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் எரியட்டும் என்றும் இருந்தது.

ரிமூஸ்கி தாண்டி ஓர் ஏற்றத்தின் உச்சியில் றோஸ்மேரி, "அக்கா, அங்கை பாருங்கோ" என்று கத்தினாள். ஆற்றுக்கு மறுகரை இல்லை. உப்புக் காற்று ஹெல்மெட்டுக்குள் வந்தது. முழங்கால் நோவு மறந்துபோயிற்று. கண்ணாடியைப் பார்த்தேன். இவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார், கடல் அவருக்குத் தெரிய இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது.

"மெதுவாப் போம் றோஸ்மேரி" என்றேன். "அவரும் வரட்டும்."